துத்தநாகம் தந்த திருநாராயணன்

பெரிய மனிதர்களின் சரித்திரம் அவர்கள் பிறந்த நட்சத்திரத்தில் தொடங்கும். மைசூரு சரஸ்வதிபுரம் திருநாராயணனின் சரித்திரமோ, அவர் பணி ஓய்வு பெற்ற அடுத்த மாதம், சொந்த அண்ணா அவரைப் பார்த்து "சிலிண்டர் எங்கே?" என்று கேட்ட காலைப்பொழுதில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் அவர் பிறந்தார், படித்தார், மின்சார இலாகாவில் மீட்டர்களைச் சோதித்து சீல் வைத்தார், ஸத்யபாமாவைக் கல்யாணம் செய்துகொண்டார், பல்லவி என்று ஒரு பெண்ணைப் பெற்றுப் பெங்களூருக்குக் கட்டிக்கொடுத்தார். இவற்றில் எதை வேறொருவர் செய்திருந்தாலும் உலகத்துக்கு நஷ்டம் ஒன்றும் வந்திருக்காது.

அண்ணா வாமன் மேல்கோட்டையில் ஸம்ஸ்கிருதம் கற்பித்தவர். நாலாயிரப் பிரபந்தமும் தலைகீழாகத் தெரியும் என்று ஊரில் சொல்வார்கள். தலைகீழாகச் சொல்லச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவரைப் பார்க்க ஒரு சீப்பு ரஸபாளை வாழைப்பழத்தோடு திருநாராயணன் போய் நின்றார். வாமன் வாசலுக்கு வந்து தம்பியை மேலும் கீழும் பார்த்து, மரியாதை குறையாமல், "வாங்கோ. சிலிண்டர் எங்கே?" என்றார்.

"அண்ணா, நான் திருநாராயணன்."

"பேரு நன்னாத்தான் இருக்கு. காஸ் சிலிண்டர் இல்லாம ஏன் வந்தேள்? போன தடவை கொண்டுவந்தது சீலே சரியில்லை."

வாழ்நாள் முழுவதும் சீல் வைத்த மனிதரைப் பார்த்துச் சொல்லக்கூடிய சொல்லா அது? திருநாராயணன் பழத்தை மன்னியிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார். அண்ணாவுக்காக வழியில் கண் கலங்கினாரா என்று சரித்திரத்தில் குறிப்பு இல்லை. ஆனால் ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டுவதற்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மறதி குடும்பச் சொத்து. மேல்கோட்டை வீடு வாமனின் பிள்ளைக்குப் போகும் என்பது எப்போதோ முடிவானது. ஆகவே தம் பங்குக்கு வரப்போவது மறதி ஒன்றுதான்.

அன்றிலிருந்து அவர் ஆராய்ச்சியாளரானார். ஆராய்ச்சிக்கூடம், அவருடைய கைப்பேசி. மறதி நோயில் இறந்தவர்களின் மூளையில் தாமிரமும் இரும்பும் அலுமினியமும் தேங்கிக் கிடப்பதாக யாரோ ஒரு ஆராய்ச்சியாளர் சொன்னதாக யாரோ ஒருவர் அதில் சொன்னார். தேங்கியதால் நோய் வந்ததா, நோய் வந்ததால் தேங்கியதா என்று விவரம் தெரிந்தவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சண்டை முடியும்வரை காத்திருக்கத் திருநாராயணனுக்கு நேரமில்லை. வயர் அறுந்த இடத்தில் எவன் நிற்கிறானோ அவனே திருடன். இலாகாவில் அவர் பழகிய நியாயம் அது.

முதலில் அலுமினியம் நாடு கடத்தப்பட்டது. குக்கர், இட்லித் தட்டு, பால் காய்ச்சுகிற பாத்திரம் எல்லாம் வேலைக்காரி மாதம்மாவின் தலையில் ஏறி அவள் வீட்டுக்குப் போயின. அடுத்து இரும்பு. தோசைக்கல், தாளிக்கிற கரண்டி.

"ஏன்னா, இதெல்லாம் மூளையைக் கெடுக்கும்னா மாதம்மா மூளையைக் கெடுக்காதா?" என்று ஸத்யபாமா கேட்டாள்.

"அவளுக்கு மறக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார் ஆராய்ச்சியாளர்.

மாதம்மா அதைக் கேட்டுக்கொண்டேதான் தோசைக்கல்லைத் துணியில் சுற்றினாள். "ஐயா மறந்துபோயித் திருப்பிக் கேக்காம இருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாவதாகத் தாமிரம் வந்தது. இங்கேதான் விஷயம் பெருமாள்வரை போயிற்று. அவர்கள் வீட்டில் தினமும் காலையில் திருவாராதனம் நடக்கும். பெருமாளுக்குச் சமர்ப்பித்த தீர்த்தத்தைத் திருநாராயணன் மனைவியின் உள்ளங்கையில் மூன்று முறை விடுவார். அவள் மூன்று முறையும் வாங்கிக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் வாயில் காபியே படும். தீர்த்தத்துக்கென்று இருந்த சின்னக் கிண்ணங்கள் தாமிரம். அவற்றைத் திருநாராயணன் தேவராஜ மொஹல்லாவில் ஒரு பாத்திரக்கடையில் போட்டுவிட்டு எவர்சில்வர் கிண்ணங்களோடு வந்தார்.

ஸத்யபாமாவுக்குக் கோபம் வருவது அபூர்வம். அன்று வந்தது. "பெருமாளுக்கு இரும்பா? எவர்சில்வர் இரும்புன்னா! எங்காத்துல எச்சில் தட்டுக்குத்தான் எவர்சில்வர்."

"பாமா, நாம சமர்ப்பிக்கற தீர்த்தத்தை அவர் தினம் கண்டருளறார். தாமிரம் ஏறி அவருக்கு மறதி வந்துடுத்துன்னா அப்பறம் நம்மளை யார் ஞாபகம் வச்சுப்பா?"

கடவுளின் மூளையைக் காப்பாற்ற முன்வந்த முதல் பக்தரைப் பெற்ற பெருமை சரஸ்வதிபுரத்துக்கே உரியது.

இத்தோடு நின்றிருந்தால் இது ஒரு பாத்திரக் கதையாக முடிந்திருக்கும். ஆனால் தாமிரம் உடம்புக்குள் ஏற்கெனவே இருக்குமே, அதை எப்படி வெளியேற்றுவது என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. விடை கைப்பேசியிலேயே கிடைத்தது. தாமிரம் உடம்பில் தேங்கி ஈரலையும் மூளையையும் கெடுக்கிற பரம்பரை நோய் ஒன்று உண்டு. லட்சத்தில் இரண்டொருவருக்கு வரும். அவர்களுக்கு டாக்டர்கள் துத்தநாகம், அதாவது ஜிங்க், கொடுப்பார்கள். அது குடலில் தாமிரத்தை வழிமறித்து வெளியே அனுப்பிவிடும். அந்த நோய் இல்லாதவர்கள் இதைச் செய்யக்கூடாது என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. திருநாராயணன் முதல் பக்கத்து ஆராய்ச்சியாளர்.

அது கொரோனா காலம். ஜிங்க் மாத்திரையை மருந்துக்கடையில் எதற்கு என்று கேட்காமல் கொடுத்த காலம். அவர் டப்பா டப்பாவாக வாங்கி வந்தார்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. ஸத்யபாமா மாத்திரை விழுங்காத பரம்பரை. ஜுரம் என்றால் மிளகுக் கஷாயம், வயிற்றுவலி என்றால் ஓமம், இரண்டும் கேட்காவிட்டால் பொறுமை. ஆகவே திருநாராயணன், கலிலியோவுக்கும் தோன்றியிராத ஒரு வழியைக் கண்டுபிடித்தார். தீர்த்தம் விடும்போது கூடவே ஒரு மாத்திரையையும் அவள் உள்ளங்கையில் வைத்தார். மூன்று தீர்த்தம், மூன்று மாத்திரை.

"என்னன்னா இது?"

"சத்து."

"மாத்திரை மாதிரி இருக்கே?"

"உருண்டையா இருக்கறதெல்லாம் மாத்திரையா? சீடையும்தான் உருண்டை. இது மண்ணுலேர்ந்து வர்ற சத்து. கீரையில இருக்கறதுதான், கொஞ்சம் கூட்டி எடுத்திருக்கா. வாங்கிக்கோ, சும்னே கேள்வி கேக்காதே."

பெருமாள் தீர்த்தத்தோடு கையில் விழுந்ததைத் துப்புகிற பெண்பிள்ளை அந்தக் குலத்தில் இதுவரை பிறக்கவில்லை. ஸத்யபாமா விழுங்கினாள். மறுநாளும் விழுங்கினாள். கொஞ்ச நாளில் அது தீர்த்தத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. துளசி மாதிரி, பச்சைக் கற்பூரம் மாதிரி.

தொடக்கத்தில் திருநாராயணனும் சாப்பிட்டார். வெறும் வயிற்றில் துத்தநாகம் சாதுவாக இருக்காது. ஒரு நாள் காலை, தீர்த்தம் கொடுத்து முடித்த கையோடு கொல்லைப்புறம் ஓடி, முந்தின நாள் சாப்பிட்ட தளிகை முழுவதையும் மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தார். அன்றே தம் பங்கை நிறுத்திவிட்டார். மனைவியிடம் சொல்லவில்லை. மாத்திரையை வாயருகே கொண்டுபோய், வேஷ்டி மடிப்பில் செருகிக்கொள்வார். இதில் வஞ்சகம் இருப்பதாக நினைப்பவர்களுக்கு அறிவியல் தெரியாது. ஆராய்ச்சி என்றால் ஒருவர் சாப்பிட வேண்டும், ஒருவர் கவனிக்க வேண்டும். இரண்டு பேரும் சாப்பிட்டால் கவனிப்பது யார்? ஸத்யபாமாவுக்கும் குமட்டத்தான் செய்தது. "சத்து ஏர்றது" என்று அவர் கவனித்தார்.

இங்கே ஸத்யபாமாவின் கால்களைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் அந்த வீட்டில் ஸத்யபாமாவுக்கென்று இருந்த ஒரே சொத்து அவைதான். கணவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவளுக்குச் சாதாரணப் பக்திதான் இருந்தது. அவர் ஓய்வு பெற்று நாள் முழுவதும் வீட்டில் உட்கார ஆரம்பித்ததும் பக்தி மலையளவு வளர்ந்துவிட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் விடியற்காலை தனியாகப் பஸ் ஏறி மேல்கோட்டை போவாள். கீழே கோயிலில் செல்லப்பிள்ளைப் பெருமாளைச் சேவித்துவிட்டு, மேலே யோக நரசிம்மர் சந்நிதிவரை ஒரு இடத்திலும் உட்காராமல் படி ஏறுவாள். உச்சியில் காற்று வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள். அங்கே யாரும் எதையும் அவளுக்கு விளக்க மாட்டார்கள். திருநாராயணனுக்கு முழங்கால் வலி. ஆகவே மலை அவளுக்கு மட்டுமே சொந்தம். வாரத்தின் மற்ற ஆறு நாட்களை அவள் பொறுத்துக்கொண்டதெல்லாம் அந்த ஒரு நாளை நம்பித்தான்.

துத்தநாகம் ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். "பாதம் பஞ்சுமேல வைக்கற மாதிரி இருக்குன்னா" என்றாள்.

"பஞ்சுமேல நடக்கணும்னு மஹாராஜாக்களே ஆசைப்பட்டா. உனக்குச் சும்மா கிடைச்சிருக்கு."

அடுத்த ஒரு சனிக்கிழமை அவள் ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பினாள். மற்றது பஸ் ஏறும்போது கழன்றிருக்கிறது. அவள் காலுக்குத் தெரியவில்லை.

"ஒரு செருப்பு எங்கே?"

"தெரியலைன்னா. கால்ல செருப்பு இருக்கா இல்லையான்னே தெரியலை. அதான் எனக்குப் பயமா இருக்கு."

இதில் திருநாராயணனின் காதில் விழுந்த சொல் 'தெரியலை' ஒன்றுதான். அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "ஆரம்பிச்சுடுத்து" என்றார். "அண்ணாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. கொடையைத் தொலைச்சார், அப்பறம் என்னைத் தொலைச்சார்."

"நான் செருப்பை மறக்கலை. கால் அதை உணரலை."

"மறந்தவா எல்லாரும் இதையேதான் சொல்லுவா."

மறதி ஆரம்பித்துவிட்டதால் சிகிச்சையைக் கூட்டவேண்டும் அல்லவா? சாயங்காலமும் பெருமாளுக்கு ஆராதனம் ஏற்பட்டது. சாயங்காலமும் தீர்த்தம். சாயங்காலமும் மூன்று. இரண்டு வேளையும் மணி அடிக்கிறதே என்று அக்கம்பக்கத்தார் அவருடைய பக்தியை மெச்சினார்கள்.

கூடவே தினம் ஒரு பரீட்சையும் நடந்தது.

"நம்ம கல்யாணத்துல சாத்தமுது பரிமாறினது யார்?"

"உங்க அத்திம்பேர். உப்பே இல்லை, வெறும் புளித்தண்ணி."

"பல்லவி பொறந்தன்னிக்கு மழை பெஞ்சுதா?"

"பெஞ்சுது. நனைஞ்சுடுவேன்னு நீங்க ஆஸ்பத்திரிக்கு மறுநாள்தான் வந்தேள்."

எல்லாம் சரியான விடை. ஜிங்க் வேலை செய்கிறது என்று குக்கரஹள்ளி ஏரிக்கரையில் காலை நடையாளர்களிடம் அவர் அறிவித்தார். போக்குவரத்துக் கழகத்தில் டிப்போ பார்த்து ஓய்வு பெற்ற கொள்ளேகாலத்துச் சுப்பையா, "நம்ம ஊட்டம்மாளுக்கும் வாங்கிக் குடுக்கலாமுங்களா சாமி?" என்று கேட்டார். "தாராளமா" என்றார் திருநாராயணன். சுப்பையா மறந்துபோய் வாங்காமல் விட்டார். மறதி ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியது இப்படித்தான்.

ஸத்யபாமா முகம் அலம்பும்போது விழுந்தாள். கண்ணைத் திறந்துகொண்டிருக்கிறவரை தரை எங்கே இருக்கிறது என்று தெரியும். சோப்புப் போட்டுக் கண்ணை மூடியவுடன் உடம்பு மரம் மாதிரிச் சாய்ந்துவிட்டது. நெற்றியில் பெரிய வீக்கம். திருநாராயணன் அவளை எலும்பு டாக்டர் ஒருவரிடம் கூட்டிப் போனார். அவர் முழங்காலைத் தட்டிப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்து, "வேற என்ன மாத்திரையெல்லாம் எடுத்துக்கறீங்கம்மா?" என்று கேட்டார்.

"இவ மாத்திரையே தொடமாட்டா டாக்டர்" என்று திருநாராயணன் சொன்னார். மனைவியிடம் கேட்கப்படும் கேள்விக்குக் கணவன் பதில் சொல்வது அந்த வீட்டு வழக்கம்.

"ஒண்ணும் இல்லை டாக்டர்" என்று ஸத்யபாமாவும் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. தீர்த்தத்தை யாராவது மாத்திரைக் கணக்கில் சேர்ப்பார்களா?

ரத்தத்தைச் சோதித்தபோது சோகை இருந்தது. சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு வருகிற பி-12 குறைவாக இருக்கும் என்று அந்த டாக்டர் ஊசி எழுதிக் கொடுத்தார். மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டாள். ஊசி போட்ட கையோடு வீட்டுக்கு வந்து தீர்த்தமும் வாங்கிக்கொண்டாள். கால் மேலும் மரத்தது. அதற்குள் வாமன் மேல்கோட்டையில், தமக்கு மறதி இருப்பதையும் மறந்து, நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். 'சிலிண்டர் வந்துடுத்தா?' என்பது அவர் கடைசியாகக் கேட்டதாம்.

அந்தச் சாவுக் காரியங்கள் முடிந்த சனிக்கிழமை, ஸத்யபாமா மாதம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கைத்தடியோடு மலையடிவாரத்துக்குப் போனாள். முதல் படியில் காலை வைத்தாள். எங்கே வைத்தோம் என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அடுத்த படிக்கும் குனிந்தாள். கொஞ்ச தூரத்தில் முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டாள். மேலே போகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு புண்ணியவான் அவள் மடியில் காசு போட்டுவிட்டுப் போனான்.

"எந்திரிங்கம்மா, போலாம்" என்றாள் மாதம்மா.

"ஸ்வல்ப இருடி. பாத்துண்டாவது இருக்கேன்."

அங்கிருந்தே அவள் பல்லவிக்குப் போன் செய்தாள். "எனக்கு மலை ஏறணும்டி. வேற ஒண்ணும் வேண்டாம். வைகுண்டத்துக்குக்கூடப் பின்னாடி ஏறிக்கறேன். முதல்ல இது."

பல்லவி மறுநாளே வந்து இறங்கினாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் அம்மாவை நரம்பு டாக்டர் தன்மயியிடம் கூட்டிப் போனாள். திருநாராயணன் அழைக்கப்படாமலே வாடகை வண்டியின் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

டாக்டர் தன்மயி சின்னப் பெண். மைசூருத் தமிழ்க் குடும்பம்தான். பாதி கன்னடம், பாதி தமிழ். ஸத்யபாமாவைக் கண்ணை மூடி நிற்கச் சொல்லி, சாயும்போது பிடித்துக்கொண்டாள். முதுகெலும்புப் படம் எடுத்தாள். ரத்தத்தில் எதையெதையோ தேடச் சொன்னாள். முடிவுகள் வந்த நாளில் மூன்று பேரையும் உட்காரவைத்தாள்.

"அம்மா, உங்க ரத்தத்துல காப்பர் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. தாமிரம். அது இல்லேன்னா முதுகுத் தண்டு நரம்பு கெட்டுப்போகும். ரத்தம் ஊறாது. சாதாரணமா நம்ம சாப்பாட்டுலயே வேணுங்கிற அளவு கிடைச்சிடும். உங்களுக்கு ஏன் இல்லேன்னுதான் புரியல. ஜிங்க் ஏதாவது எடுத்துக்கறீங்களா?"

"மாத்திரையே தொடமாட்டா டாக்டர்" என்றார் திருநாராயணன்.

டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. "சார், நீங்க கொஞ்சம் வெளில உட்காருங்க" என்றாள்.

"நான் அவ ஹஸ்பண்ட்."

"ஹௌது, தெரியுது. அதான் சொல்றேன்."

அவர் போனதும் டாக்டர் நாற்காலியை ஸத்யபாமாவின் அருகே இழுத்துக்கொண்டாள். "மாத்திரையை விடுங்கம்மா. காலைல எழுந்ததுலேர்ந்து உங்க வாய்க்குள்ள என்னென்ன போகுதோ, ஒண்ணுவிடாம சொல்லுங்க."

"முதல்ல தீர்த்தம்."

"சரி. தண்ணி."

"தண்ணி இல்லைம்மா, தீர்த்தம். துளசி, பச்சைக் கற்பூரம், ஏலக்காய். அப்பறம் அவர் கொடுக்கற சத்து."

"என்ன சத்து?"

"வெள்ளையா, உருண்டையா இருக்கும். ஒவ்வொரு தீர்த்தத்துக்கும் ஒண்ணு. சாயங்காலமும் உண்டு."

பல்லவி எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். "அப்பா, உள்ள வா."

"நீங்க என்ன சார் கொடுக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டாள்.

"மினரல்."

"ஜிங்க்கா?"

"மினரல்னா அதுவும் அடக்கம்."

"மாத்திரையே தொடமாட்டாங்கன்னு இப்பதானே சொன்னீங்க?"

"மாத்திரை வியாதிக்குக் கொடுக்கறது. இது வியாதி வராம இருக்க. சத்து."

"எங்க வாங்கறீங்க அந்தச் சத்தை? காய்கறிக் கடைலயா?"

திருநாராயணன் கொஞ்சம் யோசித்தார். "மெடிக்கல் ஷாப்ல" என்றார்.

டாக்டர் விளக்கினாள். ஜிங்க் அளவுக்கு மீறினால் குடல் தாமிரத்தை உள்ளே விடாது. தின்றதெல்லாம் வெளியே போகும். இருந்த இருப்பும் கரையும். மறதியைத் தடுக்கத் தாமிரத்தைத் துரத்தியதில், நடக்கிற நரம்பு போயிற்று. இதைக் கேட்கும்போது திருநாராயணன் தலையை மேலும் கீழும் ஆட்டினார். ஜிங்க் தாமிரத்தைத் துரத்தும் என்ற தம் கண்டுபிடிப்பு மருத்துவ உலகத்தால் ஒப்புக்கொள்ளப்பட்டதில் அவருக்குத் திருப்தி. "நான் சொன்னது கரெக்ட்தானே?" என்று மகளைப் பார்த்துக் கேட்கவும் கேட்டார்.

ஸத்யபாமாவுக்கு ஒரே கேள்விதான். "மலை ஏறுவேனாம்மா?"

டாக்டர் தன்மயி மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து வைத்தாள். "இன்னியோட ஜிங்க்கை நிறுத்திடணும். காப்பர் நான் எழுதித் தரேன். ரத்தம் சீக்கிரம் சரியாயிடும். கால் இதுக்குமேல மோசமாகாம நிறுத்திடலாம். போனது எவ்ளோ திரும்பி வரும்னு சொல்ல முடியாது. ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா வேற கதை. மலை... நான் உங்களுக்குப் பொய் சொல்லலம்மா."

ஸத்யபாமா தன் பாதங்களைப் பார்த்தாள். அவை அங்கேதான் இருக்கின்றன என்பதை அவள் அப்படித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"பாவம், அவரும் அதையேதானே சாப்பிடறார்" என்றாள் அவள். "அவருக்கும் பாத்துடுங்கோம்மா."

திருநாராயணன் எழுந்துவிட்டார். தமக்கு ஒன்றும் இல்லை என்றார், ஊசி ஒத்துக்கொள்ளாது என்றார், வண்டி வெயிலில் காத்திருக்கிறது என்றார். பல்லவி அவர் சட்டைக்கையை மடித்துவிட்டு ரத்தம் எடுக்கிற பெண்ணிடம் நீட்டினாள்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. டாக்டர் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "சார், உங்க ஜிங்க் நார்மல். காப்பர் நார்மல். எல்லாமே நார்மல். நீங்க சாப்பிடவே இல்லையே?"



"அப்பா?" என்றாள் பல்லவி.

"வயத்தைப் பெரட்டித்து" என்றார் அவர். "தவிரவும் ஆராய்ச்சின்னா ஒருத்தர் கவனிக்கணும்..."

ஸத்யபாமா கணவரின் முகத்தை, சந்தையில் வாங்கி வந்த கத்திரிக்காயை வீட்டில் நறுக்கிப் பார்க்கிற மாதிரி, நிதானமாகப் பார்த்தாள். அந்த நேரத்தில் திருநாராயணன் டாக்டரிடம் ஒரு காரியம் கேட்டார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று. தம் ஞாபகசக்தியை மட்டும் ஒரு முறை சோதித்துச் சொல்ல முடியுமா?

டாக்டர் சோதித்தாள். சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாள், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னாள், கடிகாரம் வரையச் சொன்னாள். திருநாராயணனுக்கு முழு மதிப்பெண். வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். பின்சீட்டில் தாயும் மகளும் ஆளுக்கொரு ஜன்னல் வழியே சாமுண்டி மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மாதங்கள் போயின. ஸத்யபாமாவின் ரத்தம் டாக்டர் சொன்னபடியே சரியாயிற்று. கன்னத்தில் சிவப்புக்கூட வந்தது. கால்கள் டாக்டர் சொன்னபடியே திரும்பவில்லை. அவள் கூடத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தாள். பெங்களூருக்கு வந்துவிடு என்று பல்லவி கூப்பிட்டாள். "அப்பாவை விட்டுட்டு வந்தா அவரை யார் பாத்துப்பா?" என்று ஸத்யபாமா சொல்லிவிட்டாள். அதைக் கேட்டுத் திருநாராயணன் நெகிழ்ந்துபோனார். ஏரிக்கரையில் இப்போது அவர் தாமிரத்தைப் பற்றிப் பேசுகிறார்: தாமிரம் இல்லாமல் மனிதன் நடக்கவே முடியாதாம், இது அவர் சொந்த அனுபவத்தில் கண்டதாம். அவர் பேச்சைக் கேட்டுச் செம்புக் குடம் வாங்கியவர்கள் உண்டு.

சுப்பையா மனைவி அஞ்சலையோடு ஒரு நாள் பார்க்க வந்தார். மாதம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். திருநாராயணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இது ரொம்ப அபூர்வமான கேஸ் சுப்பையா. டாக்டரே அசந்துபோயிட்டா. மைசூருலேயே..."

"ஏன்னா," என்று ஸத்யபாமா மெதுவாகக் குறுக்கிட்டாள், "எனக்கு இப்பல்லாம் ஒண்ணுமே ஞாபகம் இருக்கறதில்லை. அந்தச் சத்தை எனக்கு எப்போ குடுக்க ஆரம்பிச்சேள்?"

"தை மாசம். ரதசப்தமிக்கு மறுநாள்" என்றார் அவர், அரை நொடி தாமதிக்காமல். சுப்பையா தலையை ஆட்டினார். என்ன ஞாபகசக்தி!

"நீங்க சாப்பிடறதை நிறுத்தினது?"

திருநாராயணன் திடுக்கிட்டார். ஆனால் விடை தெரிந்த ஒரு கேள்வியைச் சும்மா விட்டுவிட அவர் உடம்பு கற்றுக்கொண்டதில்லை. தெரியாது என்று சொன்னால் இரண்டு பேர் முன்னால் மறதிக்காரன் ஆகிவிடுவாரே. "பங்குனி" என்றார். "அந்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை. காலம்பற."

"எனக்கு அன்னிக்கு எத்தனை குடுத்தேள்?"

"மூணு."

"சனிக்கிழமை?"

"மூணு."

"அப்பறம் நான் செருப்பைத் தொலைச்சுட்டு வந்தேனே, அன்னிக்கு?"

"அன்னிலேர்ந்து ஆறு." அவர் வேகத்தில் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு எல்லாரையும் பார்த்தார்.

அஞ்சலை காபியைக் குடிக்காமல் கீழே வைத்தாள். "நீங்க நிறுத்திப்போட்டு அம்மாளுக்கு மட்டும் ஆறா குடுத்தீங்க?" என்றாள்.

"அஞ்சலை, சும்மா இரு" என்றார் சுப்பையா. ஆனால் அவரும் திருநாராயணனை நிமிர்ந்து பார்க்கவில்லை. டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில், வேலை இருக்கிறது என்று சொல்லி இருவரும் எழுந்தார்கள். அஞ்சலை போகும்போது ஸத்யபாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், திருநாராயணனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

கதவு சாத்தியதும் அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "உனக்கு எல்லாம் நன்னா ஞாபகம் இருக்கு. வேணும்னே கேக்கறே."

"எனக்கு என்னன்னா தெரியும்?" என்றாள் ஸத்யபாமா. "மார்க் வாங்கினது நீங்கதானே." பிறகு மாதம்மாவைக் கூப்பிட்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளச் சொன்னாள். "நாளைக்குக் காலம்பற, ஏரிக்கரையில உங்ககூட நடக்கற கெம்பையனோட ஆத்துக்காரி வரா. சாயங்காலம் எதிராத்து மாமி. ஞாயித்துக்கிழமைக்கு உங்க அத்திம்பேருக்குச் சொல்லி அனுப்பிருக்கேன். எல்லாருக்கும் நீங்கதான் சொல்லணும்."